விவாத மேடையில் வெல்லப்படாத பதவி

அமெரிக்க அதிபர் தேர்தலில் மக்கள் ஒரு வேட்பாளரை விட்டு இன்னொருவரை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்? தொலைக்காட்சி விமர்சகர்களும் பிரசார ஆலோசகர்களும் இதற்குப் பல ஆண்டுகளாக ஒரே விடையைச் சொல்லிவருகிறார்கள். வேட்பாளரின் முகம், குரல், விவாத மேடையில் அவர் சமாளித்த விதம், வாய் தவறி வந்த ஒரு சொல், ஓடி ஓடி ஒளிபரப்பான ஒரு விளம்பரம் ஆகியவையே முடிவைத் தீர்மானிக்கின்றன என்கிறார்கள். வாக்காளர் ஆளைப் பார்க்கிறார், பிடித்திருந்தால் வாக்களிக்கிறார் என்பது இதன் சாரம். கேட்பதற்கு இயல்பாக இருக்கும் இந்த விளக்கம், 80 ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்திருக்கும் ஆய்வுகளோடும் தேர்தல் கணக்குகளோடும் பொருந்தவில்லை.

இந்தக் கருத்துக்கு மூல சாட்சியமாகக் காட்டப்படுவது 1960 செப்டம்பர் 26 அன்று சிகாகோவில் ஜனநாயகக் கட்சியின் கென்னடிக்கும் ஆளும் குடியரசுக் கட்சியின் நிக்சனுக்கும் நடந்த விவாதம். முழங்கால் தொற்றுக்காக மருத்துவமனையில் இருந்து மீண்டிருந்த நிக்சன் இளைத்துப்போய், வெளிறித் தெரிந்தார். கென்னடி வெயிலில் காய்ந்த முகத்தோடு தெம்பாக நின்றார். வானொலியில் கேட்டவர்கள் நிக்சன் வென்றதாகவும், தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கென்னடி வென்றதாகவும் கருதினார்கள். ஆகவே முகமே வென்றது என்று கதை முடியும். இதழியல் வகுப்புகளில் இது பாடமாகவே ஆகிவிட்டது.

அந்தப் பாடத்தின் அடித்தளம் மிகவும் மெலிந்தது. வானொலி நேயர்களைப் பற்றிய அந்த முடிவுக்கு ஆதாரமாகத் திரும்பத் திரும்பக் காட்டப்படுவது சிண்ட்லிங்கர் என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் ஒரு கணிப்பு. அதில் இருந்த வானொலி நேயர்கள் 300 பேருக்கும் குறைவு. 1960இல் பத்தில் ஒன்பது அமெரிக்க வீடுகளுக்குத் தொலைக்காட்சி வந்துவிட்டது. விவாதத்தை வானொலியில் கேட்டவர்களில் கணிசமானோர் கிராமப்புறத்தைச் சேர்ந்த புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். கத்தோலிக்கரான கென்னடியை முதலிலிருந்தே ஏற்காத பகுதிகள் அவை. டேவிட் வான்சில், சூ பெண்டல் என்ற இரு ஆய்வாளர்கள் 1987இலேயே இந்தக் குறைகளை எடுத்துக்காட்டினார்கள். கதை மட்டும் குறையவில்லை.

அந்த ஆண்டின் பிற நிலவரங்களைப் பார்த்தால் விவாதத்துக்கு மிஞ்சும் இடம் இன்னும் சுருங்குகிறது. பிப்ரவரியில் 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்த வேலையின்மை அக்டோபரில் 6 விழுக்காட்டைத் தாண்டியது. மந்தம் வரப்போகிறது, உடனே ஏதாவது செய்ய வேண்டும் என்று பொருளாதார அறிஞர் ஆர்தர் பர்ன்ஸ் மார்ச் மாதமே எச்சரித்ததையும், ஐசனோவர் அரசு அதைக் கேளாமல் விட்டதையும் நிக்சனே பின்னர் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். கேலப் கணிப்பின்படி கத்தோலிக்க வாக்காளர்களில் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் கென்னடிக்கு வாக்களித்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஸ்டீவன்சனுக்கு அவர்களில் பாதிப் பேர்தான் கிடைத்தார்கள். புராட்டஸ்டன்ட் வாக்குகளில் அதே கென்னடி இழந்ததும் நிறைய. அன்று நாட்டில் ஜனநாயகக் கட்சியினரே எண்ணிக்கையில் அதிகம். வேறெந்த விசையும் இல்லாவிட்டால் அக்கட்சிக்கு 53, 54 விழுக்காடு வாக்கு இயல்பாக வர வேண்டும் என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பிலிப் கான்வெர்ஸ் கணக்கிட்டார். கென்னடி பெற்றதோ 49.7 விழுக்காடு. அழகால் வென்றவராகச் சொல்லப்படும் மனிதர், தம் கட்சி பெறக்கூடிய வாக்கைவிடக் குறைவாகப் பெற்று, சுமார் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் வாக்கு வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்தார் என்பதே கணக்கு சொல்லும் செய்தி.

முகமே வெல்லும் என்ற இந்த முகக் கொள்கைக்கு முதல் அடி இதற்கு இருபது ஆண்டுகள் முன்பே விழுந்திருந்தது. 1940இல் ரூஸ்வெல்ட்டும் வென்டெல் வில்கியும் மோதிய தேர்தலின்போது, பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவரது குழுவினரும் ஒஹாயோ மாநிலத்தின் ஈரி கவுன்டியில் 600 பேரைத் தேர்ந்து மே முதல் நவம்பர் வரை மாதந்தோறும் நேர்கண்டார்கள். வியன்னாவிலிருந்து வந்த லாசர்ஸ்ஃபெல்ட், நுகர்வோர் பொருள் தேர்ந்தெடுக்கும் விதத்தை ஆராய்ந்து பழகியவர். சோப்புக் கட்டியை விளம்பரம் விற்பது போல வேட்பாளரையும் விற்கும் என்ற எதிர்பார்ப்போடுதான் வேலை தொடங்கியது. கிடைத்த முடிவு எதிர்பார்ப்பைக் கவிழ்த்தது. பிரசாரம் தொடங்கும் முன்பே, மே மாதத்திலேயே, ஏறத்தாழ பாதிப் பேர் முடிவு செய்து கடைசிவரை அதிலேயே நின்றார்கள். ஒரு கட்சியிலிருந்து மறு கட்சிக்கு உண்மையாகவே மாறியவர்கள் 8 விழுக்காடு அளவில்தான். பிரசாரம் செய்த பெரிய வேலை, ஏற்கெனவே சாய்ந்திருந்தவர்களை அவர்கள் சாய்ந்த பக்கத்திலேயே உறுதிப்படுத்தியதுதான்.

அண்மைத் தேர்தல்கள் இதையே பெரிய எண்களில் காட்டியிருக்கின்றன. 2012 வாக்குச்சாவடி வாசல் கணிப்பில் ஜனநாயகக் கட்சியினரில் 92 விழுக்காடு ஒபாமாவுக்கும், குடியரசுக் கட்சியினரில் 93 விழுக்காடு ராம்னிக்கும் வாக்களித்திருந்தார்கள். 2016இல் வேட்பாளர்கள் இருவருமே நாட்டில் பெரும்பாலோரால் விரும்பப்படாதவர்கள். தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு, பெண்களைப் பற்றி டிரம்ப் பேசிய ஒலி–ஒளிப்பதிவு வெளியாகி, அவர் கட்சித் தலைவர்களே அவரைக் கைகழுவப் பார்த்தார்கள். அப்படியிருந்தும் குடியரசுக் கட்சியினரில் 88 விழுக்காடு அவருக்கும், ஜனநாயகக் கட்சியினரில் 89 விழுக்காடு ஹிலாரிக்கும் போட்டார்கள். ஆளைப் பார்த்தே வாக்களிப்பது உண்மையானால், இந்த எண்கள் இப்படி அசையாமல் நிற்க வழியே இல்லை. 50 மாநிலங்களில் 2016க்கும் 2020க்கும் இடையே கட்சி மாறியவை ஐந்து; 2020க்கும் 2024க்கும் இடையே ஆறு.

கட்சிப் பற்று என்பதைக் கண்மூடித்தனம் என்று இகழ்வதும் இதே கொள்கையின் மறுபக்கம். கட்சி வெறும் பட்டையாக இருந்தால் அது மாறவே மாறாது. ஆனால் மாறியிருக்கிறது; எதற்காக மாறியது என்பதே கவனிக்க வேண்டியது. உள்நாட்டுப் போருக்குப் பின் தெற்கு மாநிலமான மிசிசிப்பி ஜனநாயகக் கட்சியின் கோட்டை. 1960இல் அங்கே குடியரசுக் கட்சியின் நிக்சனுக்குக் கிடைத்தது 25 விழுக்காட்டுக்கும் குறைவு. 1964இல் அதே கட்சியின் பாரி கோல்ட்வாட்டருக்கு 87 விழுக்காடு. நாடு முழுவதிலும் 38.5 விழுக்காடு பெற்று மண்ணைக் கவ்வியவர் கோல்ட்வாட்டர். மிசிசிப்பிக்கு மட்டும் அவர் முகம் எப்படி அழகானது? அந்த ஆண்டு ஜூலையில், அவரை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி அதிபர் ஜான்சன், இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்டார். கோல்ட்வாட்டர் மேலவையில் அதை எதிர்த்து வாக்களித்திருந்தார். மிசிசிப்பியில் அன்று வாக்குரிமையைப் பயன்படுத்த முடிந்தவர்கள் ஏறத்தாழ அனைவரும் வெள்ளையர். மறுபுறம், 1960இல் மூன்றில் ஒரு பங்கு நிக்சனுக்குச் சென்ற கறுப்பின வாக்கு, 1964இல் பத்தில் ஒன்பதுக்கும் மேலாக ஜான்சன் பக்கம் திரண்டது. அன்றிலிருந்து ஜனநாயகக் கட்சியை விட்டுப் பெரிதாக விலகவும் இல்லை. மேடைப் பேச்சில் மயக்கத் தெரியாத டெக்சஸ்காரர் ஜான்சன். இரு தரப்பும் சட்டத்தைப் படித்து, அதை யார் கொண்டுவந்தார் என்று பார்த்து முடிவு செய்தார்கள்.

முகக் கொள்கையர் அடுத்ததாகப் பிடித்துக்கொள்ளும் கொம்பு ரொனால்ட் ரீகன். ஹாலிவுட் நடிகர், கேமராவின் முன் கூச்சமில்லாதவர், நகைச்சுவை கைவந்தவர். 1980 அக்டோபர் 28 விவாதத்தில், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட இன்று நன்றாக இருக்கிறீர்களா என்று அவர் மக்களைப் பார்த்துக் கேட்ட கேள்வியே அதிபர் கார்ட்டரைக் கவிழ்த்தது என்பார்கள். அந்தக் கேள்விக்கு வலு எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்பதில்லை. அந்த ஆண்டு பணவீக்கம் 13 விழுக்காட்டுக்கு மேல். வேலையின்மை 7 விழுக்காட்டுக்கு மேல். தெஹ்ரானில் 52 அமெரிக்கர்கள் பிணைக்கைதிகளாக ஓராண்டாகச் சிக்கியிருந்தார்கள். அதே கேள்வியை 1964இல் ஜான்சனுக்கு எதிராகக் கேட்டிருந்தால், ஆம் என்று கூட்டம் பதில் சொல்லியிருக்கும்.

ரீகனின் வாழ்க்கையே இந்த வாதத்துக்கு ஒரு சோதனைக்கூடம். 1982 இறுதியில் வேலையின்மை 10.8 விழுக்காட்டைத் தொட்டது; அந்த நவம்பரில் அவர் கட்சி கீழவையில் 26 இடங்களை இழந்தது; 1983 ஜனவரியில் அவருக்கு ஆதரவு 35 விழுக்காடாக இறங்கியது. அப்போதும் அவர் அதே நடிகர்தான், அதே புன்னகைதான். 1984இல் பொருளாதாரம் 7 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. அக்டோபர் 7 அன்று லூயிவில் நகரில் நடந்த விவாதத்தில் ரீகன் தடுமாறினார், சொல்லவந்ததை மறந்தார். எதிர்வேட்பாளர் மாண்டேல் வென்றார் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். நவம்பரில் ரீகன் 49 மாநிலங்களை வென்றார். இரண்டாம் விவாதத்தில் தம் வயதை வைத்து அடித்த நகைச்சுவையே அவரைக் காப்பாற்றியது என்று இன்றும் எழுதுகிறார்கள். முதல் விவாதத்துக்குப் பிறகும் அவர் வசதியான முன்னிலையிலேயே இருந்தார் என்பதை எழுதுவதில்லை.

மூத்த புஷ்ஷின் கதை இன்னும் சுருக்கமானது. வளைகுடாப் போர் முடிந்த 1991 மார்ச் வாக்கில் 89 விழுக்காடு ஆதரவு. இருபது மாதங்கள் கழித்து 37.4 விழுக்காடு வாக்கு. ரிச்மண்ட் விவாதத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்ததால் தோற்றார் என்று சொல்பவர்கள், 1992 கோடையில் வேலையின்மை 7.8 விழுக்காடாக இருந்ததைக் கைக்கடிகாரத்தின் பின்னால் மறைத்துவிடுகிறார்கள்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். விவாதம் முடிந்த மறுநாளே கருத்துக்கணிப்புகள் ஏறி இறங்குகின்றனவே? 2012 அக்டோபர் 3 அன்று டென்வரில் ஒபாமா சோர்ந்து நின்றார். விவாதத்தைப் பார்த்தவர்களில் 72 விழுக்காட்டினர் ராம்னியே சிறப்பாகச் செய்தார் என்று கேலப்பிடம் சொன்னார்கள். அடுத்த நாள்களில் கணிப்புகளில் ராம்னி வேகமாக ஏறினார். ஆண்ட்ரூ கெல்மனும் அவரது சகாக்களும் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவி வழியாக அந்தத் தேர்தலில் 3.45 லட்சம் பேரிடம், பலரிடம் பல முறை, கருத்துக் கேட்டிருந்தார்கள். ஒரே ஆளைத் தொடர்ந்து கவனிக்க முடிந்ததால் உண்மை வெளிப்பட்டது. மனம் மாறியவர்கள் மிகச் சிலர். விவாதத்தால் துவண்ட ஜனநாயகக் கட்சியினர் கணிப்புக்குப் பதில் சொல்வதையே அந்த நாள்களில் குறைத்துக்கொண்டிருந்தார்கள். உற்சாகத்தில் இருந்த குடியரசுக் கட்சியினர் ஓடிவந்து பதில் சொன்னார்கள். வாக்கு நகரவில்லை, பதில் சொல்லும் ஆர்வம் நகர்ந்தது. ஒபாமா 51.1 விழுக்காட்டோடு வென்றார்.

விளம்பரத்துக்கும் வீடுவீடாகச் செல்லும் பிரசாரத்துக்கும் இதே கதிதான். ஜோஷுவா கல்லா, டேவிட் பிரூக்மன் இருவரும் 49 கள ஆய்வுகளைத் திரட்டி 2018இல் வெளியிட்ட கட்டுரை, பொதுத்தேர்தலில் வாக்காளரின் தேர்வை மாற்றுவதில் இவற்றின் சராசரி விளைவு பூஜ்யம் என்று மதிப்பிட்டது. வாக்குச்சாவடிக்கு ஆளைக் கூட்டிவருவதில் பிரசாரத்துக்குப் பயன் உண்டு. மனத்தைத் திருப்புவதில் இல்லை. 2016இல் ஹிலாரியின் பிரசாரம் டிரம்ப்பின் பிரசாரத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு செலவழித்தும் தோற்றது.

வேட்பாளரின் குணம் எதையுமே மாற்றாது என்று சொன்னால் அதுவும் தவறு. கோல்ட்வாட்டரும், 1972இல் மெக்கவர்னும், கட்சியின் ஒரு ஓரத்தில் நின்றதற்காகச் சில புள்ளிகளை இழந்தார்கள் என்பதை ஆய்வாளர்கள் பொதுவாக ஒப்புக்கொள்கிறார்கள். முகத்தை ஒரு கணம் பார்த்து, யார் திறமையானவர் என்று முன்பின் அறியாதவர்கள் சொன்ன தீர்ப்பு, மேலவைத் தேர்தல் முடிவுகளோடு பத்தில் ஏழு முறை ஒத்துப்போனது என்று அலெக்சாண்டர் டோடரோவின் 2005ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. அந்த ஆய்வைத்தான் முகக் கொள்கையர் கொடியாகப் பிடிக்கிறார்கள். ஆனால் அது பொருத்தத்தை மட்டுமே காட்டுகிறது. திறமையாகத் தெரியும் ஆள்களைக் கட்சிகள் வெல்லக்கூடிய இடங்களில் நிறுத்தினாலும் அதே பொருத்தம் வரும். ஈராண்டுகள் இரவும் பகலும் திரையில் தெரியும் அதிபர் வேட்பாளரை ஒரு கணப் பார்வையில் யாரும் எடைபோடுவதில்லை.

நெருக்கமான தேர்தல்கள் தனி. 2000இல் புளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசம். 2016இல் மிச்சிகன், பென்சில்வேனியா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து 78,000க்கும் குறைவு. இவ்வளவு சிறிய இடைவெளியில் விவாத மேடையில் அல் கோர் விட்ட பெருமூச்சும் காரணமாகலாம், பாம் பீச் கவுன்டியின் குழப்பமான வாக்குச்சீட்டும் காரணமாகலாம், அன்று பெய்த மழையும் காரணமாகலாம். எதையும் காரணமாகச் சொல்ல முடிகிற இடத்தில், ஒன்றை மட்டும் பொறுக்கியெடுத்து அதுவே காரணம் என்பது விளக்கமாகாது. பத்து கோடிப் பேர் ஏன் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஏறத்தாழச் சரிபாதியாக நின்றார்கள் என்பதே விளக்க வேண்டிய பெரிய பகுதி. பெருமூச்சு அதை விளக்காது.

பொருளாதாரத்தை மட்டும் வைத்துச் சூத்திரம் போட்டவர்களும் வழுக்கியிருக்கிறார்கள். 2000இல் ஆய்வாளர்களின் முக்கியச் சூத்திரங்கள் அனைத்தும் கோர் எளிதாக வெல்வார் என்றன. 2024இல் வேலையின்மை 4 விழுக்காட்டை ஒட்டியே இருந்தும் ஆளுங்கட்சி தோற்றது. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை: 2021 தொடக்கத்திலிருந்து விலைவாசி மொத்தத்தில் 20 விழுக்காடு அளவுக்கு ஏறியிருந்தது. பணவீக்க விகிதம் குறைந்துவிட்டது என்று பொருளாதார அறிஞர்கள் சொன்னார்கள். கடை ரசீதில் பழைய விலை திரும்பவில்லை. அந்த ஆண்டு உலகெங்கும் ஆளுங்கட்சிகள் அடிவாங்கின. பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் கட்சி வீழ்ந்தது, ஜப்பானில் ஆளும் கூட்டணி கீழவைப் பெரும்பான்மையை இழந்தது, போட்ஸ்வானாவில் 1966இல் விடுதலை பெற்றதிலிருந்து ஆண்ட கட்சி வெளியேறியது. இந்த நாடுகளின் தலைவர்கள் அனைவரும் ஒரே ஆண்டில் ஒன்றாக வசீகரத்தைத் தொலைத்தார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் இலங்கையில் நடந்தது இன்னும் பச்சையான சான்று. அநுர குமார திசாநாயக்க 2019 அதிபர் தேர்தலில் பெற்றது 3.16 விழுக்காடு. 2024இல் 42.31 விழுக்காடு முதல் விருப்பு வாக்கு. ஐந்து ஆண்டுகளில் அவர் புதிய முகத்தோடு வரவில்லை. இடையில் 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடனைச் செலுத்துவதை நிறுத்தியது, ஜூலையில் அதிபர் கோட்டாபய ராஜபக்ச நாட்டைவிட்டு ஓடினார், செப்டம்பரில் பணவீக்கம் 70 விழுக்காட்டை எட்டியது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 2010இல் காட்டிய கணக்கு இதைவிடக் கூர்மையானது. முந்தைய ஆண்டு உள்நாட்டுப் போரை நடத்தி முடித்த இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவுக்கு அங்கே பதிவான வாக்குகளில் 60 விழுக்காட்டுக்கும் மேல் விழுந்தது. வாக்களிக்க வந்தவர்கள் நான்கில் ஒருவர்தான் என்றாலும், அவர்களில் எவரும் அந்தத் தளபதியின் ஆளுமையில் மயங்கி வரவில்லை. அன்றைய அதிபர் மகிந்த ராஜபக்சவைத் தோற்கடிக்கக் கையில் இருந்த ஒரே கருவி அவர்.

இத்தனைக்குப் பிறகும் முகக் கொள்கை ஏன் நிலைக்கிறது? ஒரு காரணம், வாக்காளர்களே அதைத் தங்கள் வாயால் சொல்கிறார்கள். ஏன் இவருக்குப் போட்டீர்கள் என்று கேட்டால், நேர்மையானவர், உறுதியானவர், நம் ஆள் போலப் பேசுகிறார் என்பார்கள். ஆனால் விருப்பம் பெரும்பாலும் முன்னே வருகிறது. காரணம் பின்னே சேர்க்கப்படுகிறது. 2016 தேர்தலுக்கு முந்தைய வாரம் பொருளாதாரம் முன்னேறுகிறது என்று கேலப்பிடம் சொன்ன குடியரசுக் கட்சியினர் 16 விழுக்காடு. டிரம்ப் வென்ற மறுவாரம் 49 விழுக்காடு. ஒரே வாரத்தில் நாட்டின் பொருளாதாரம் மாறவில்லை. பொருளாதாரத்தையே கட்சிக் கண்ணாடி வழியாகப் பார்ப்பவர்கள், வேட்பாளரின் நேர்மையை வேறு கண்ணாடி போட்டுப் பார்ப்பார்களா? ஆட்சியின் நிலவரத்தை எடைபோட்டு உண்மையில் பக்கம் மாறுபவர்கள் கட்சிப் பிடிப்புத் தளர்ந்த சிறு பகுதியினர்; முடிவு அவர்களால் ஆவதும் அதனால்தான்.

இன்னொரு காரணம் பிழைப்பு. வாக்கில் பெரும்பகுதி முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டது என்று ஒப்புக்கொள்ளும் ஆலோசகருக்கு அடுத்த தேர்தலில் யார் சம்பளம் கொடுப்பார்கள்? செய்தியாளருக்கும் நாள்தோறும் ஒரு திருப்பம் தேவை. தியடோர் வைட் 1960 தேர்தலைப் பற்றி எழுதி புலிட்சர் பரிசு பெற்ற நூல், பிரசாரத்தை இரு நாயகர்களின் காவியமாக்கிக் காட்டியது. அதற்குப் பின் வந்த தேர்தல் நூல்கள் பலவும் அதே அச்சில் வார்க்கப்பட்டவை.

இந்தக் கொள்கை உண்மையாகப் பொருந்தும் ஓர் இடமும் உண்டு: உட்கட்சித் தேர்தல். அங்கே எல்லாரும் ஒரே கட்சி, பலரும் ஒரே கொள்கை; ஆளுங்கட்சியின் நிலவரமும் அவர்களைப் பிரித்துக்காட்டாது. மிஞ்சுவது ஆள்தான். 2008இல் ஒபாமாவும் ஹிலாரியும் மோதியபோதும், 2016இல் 17 குடியரசுக் கட்சியினர் மோதியபோதும் பேச்சும் விவாதமும் வாக்கை உண்மையாகவே இழுத்துச் சென்றன. கல்லாவும் பிரூக்மனும் பிரசாரத்துக்கு விளைவு கண்ட இடங்களில் உட்கட்சித் தேர்தலும் ஒன்று. உட்கட்சித் தேர்தல் நடக்கும் வசந்த காலத்தில் மெய்யாக இருப்பதை நவம்பருக்கும் நீட்டுவதில்தான் விமர்சகர்கள் தவறுகிறார்கள்.

2024 ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் பைடன் திணறிய விவாதத்தை எதிர்ச்சான்றாகக் காட்டுவார்கள். அமெரிக்க வரலாற்றில் மிகப் பெரிய விளைவை உண்டாக்கிய விவாதம் அதுதான். ஆனால் கணிப்புகளின் சராசரியில் அது நகர்த்தியது இரண்டு, மூன்று புள்ளிகள் மட்டுமே. அது கலங்கடித்தது கட்சித் தலைவர்களையும் நன்கொடையாளர்களையும். 24 நாள்களில் பைடன் விலகினார். செப்டம்பர் 10 அன்று பிலடெல்பியாவில் கமலா ஹாரிஸ் டிரம்ப்பை எதிர்கொண்டார். பார்த்தவர்களில் 63 விழுக்காட்டினர் ஹாரிஸே வென்றார் என்று சிஎன்என் கணிப்பில் சொன்னார்கள். நவம்பரில் டிரம்ப் 312 தேர்வாளர் வாக்குகளோடு அதிபரானார்.